அசோலா சிவந்தால் என்ன செய்வது?

(கறவை மாடு வளர்ப்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

நெல், கரும்பு, மரவள்ளி என்று எதைப் பயிர் செய்தாலும், நம்மில் பலருடைய வீட்டில் கறவை மாடு ஒன்றிரண்டு உண்டு. கோடை வந்தால் பசுந்தீவனம் குறைந்துவிடும். அந்த நேரத்தில் கைகொடுக்கும் என்று நம்பித்தான் அசோலாத் தொட்டி போடுகிறோம். ஆனால் சித்திரை, வைகாசியில்தான் அது சிவந்து, சிறுத்து, அழிந்து போகிறது. இந்த இழப்பைத் தடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

ஒரு செடிக்குள் இரண்டு உயிர்

அசோலா நீரில் மிதந்து வளரும் பெரணி வகை. அதன் இலையில் உள்ள சிறு குழியில் அனபீனா என்னும் நீலப்பச்சைப்பாசி குடியிருக்கிறது. இப்பாசி காற்றிலுள்ள தழைச்சத்தைக் கிரகித்துச் செடிக்குக் கொடுக்கிறது. செடி பாசிக்கு இடமும் உணவும் தருகிறது. ஆகவே அசோலாவிற்கு யூரியா தேவையில்லை. ஆனால் மணிச்சத்தை நாம்தான் கொடுக்கவேண்டும்.

மன்னார் வளைகுடாவில் உள்ள பவளப் பாறைகளும் இப்படியே. பவளம் ஒரு சிறு பிராணி. அதன் உடலில் வாழும் பாசி சூரிய ஒளியைக் கொண்டு அதற்கு உணவு செய்து தருகிறது. 2010, 2016 கோடைகளில் கடல் நீர் சூடேறியபோது பாசி பிரிந்து, பவளங்கள் வெளுத்தன. கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்க்கும் வெளிநாட்டார் படும் பாடும் இதுதான். நீரில் சத்து மிகுந்தால் வேண்டாத பாசி மூடிவிடும். சத்தே இல்லாமல் ஒளியை மட்டும் கூட்டினால் பவளம் வெளிறிவிடும். ஒளியும் சத்தும் ஒன்றுக்கொன்று பொருந்தி இருக்கவேண்டும். அசோலாவிற்கும் இதுவே விதி.

தொட்டி அமைப்பு

கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கைவள அபிவிருத்தித் திட்டம் எளிய முறை ஒன்றைப் பரப்பியது. 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலமுள்ள குழியில் சில்பாலின் விரிப்பைப் பரப்பி, சலித்த மண் 10 முதல் 15 கிலோ இடவேண்டும். 2 கிலோ சாணத்தையும் 30 கிராம் சூப்பர் பாஸ்பேட்டையும் 10 லிட்டர் நீரில் கரைத்து ஊற்றி, 10 சென்டிமீட்டர் உயரம் நீர் நிறுத்தி, அரை முதல் ஒரு கிலோ அசோலா விடவேண்டும். இரண்டு வாரத்தில் தொட்டி நிரம்பும். பிறகு நாளொன்றுக்கு அரை கிலோ எடுக்கலாம். 5 நாளுக்கு ஒருமுறை ஒரு கிலோ சாணமும் 20 கிராம் சூப்பரும் கரைத்து ஊற்றவேண்டும்.

சிவப்பு ஒன்று, காரணம் மூன்று

முதலாவது, கடும் வெயில். திறந்த பக்கத்தில் உள்ள செடி சிவந்து, நிழலில் உள்ளது பச்சையாக இருந்தால் வெயிலே காரணம். தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுப் பாதி வெயிலை மறைக்கவேண்டும். 25 டிகிரியை ஒட்டிய சூட்டில் அசோலா நன்கு வளரும். 35 டிகிரியைத் தாண்டினால் தளர்ந்துவிடும். ஆவியாகும் நீரை அன்றாடம் ஈடு செய்யவேண்டும்.

இரண்டாவது, மணிச்சத்துப் பசி. செடி சிறுத்து, வேர் நீண்டு சுருண்டு, நிழலிலும் சிவப்பு மாறாதிருந்தால் சூப்பர் குறைந்துவிட்டது என்று அறியலாம். அதைச் சாணக் கரைசலில் கலந்தே ஊற்றவேண்டும், செடியின்மேல் தூவக்கூடாது.

மூன்றாவது, குளிர். கல்வராயன் மலையில் மார்கழி, தை மாத இரவுக் குளிரில் அசோலா சிவப்பது உண்டு. இங்கே பந்தல் கூடாது. கீற்றை விலக்கி வெயில் படச் செய்து, எடுக்கும் அளவைக் குறைத்தால் போதும். கள்ளக்குறிச்சிச் சமவெளியில் சித்திரையில் செய்யும் வைத்தியத்தை வெள்ளிமலையில் மார்கழியில் செய்தால் கேடுதான் விளையும்.

இரண்டு பேசின் சோதனை

காரணம் புலப்படாவிட்டால், தொட்டி நீரையே இரண்டு பேசின்களில் எடுத்து, சிவந்த அசோலாவைச் சமமாக இட்டு, இரண்டையும் ஒரே மர நிழலில் வையுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை சூப்பரைக் கரைத்து விடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் பசுமையானால் குற்றம் வெயிலுடையது. சூப்பர் இட்டது மட்டும் பசுமையானால் பசிதான் காரணம்.

அளவு மிஞ்சினால்

மழைக்கால மூட்டத்தில் ஒளி குறைவதால் வளர்ச்சியும் குறையும். அப்போதும் வழக்கமான சாணத்தை ஊற்றினால் தின்ன ஆளின்றிச் சத்து நீரில் தங்கும், வேறு பாசி படரும், நாற்றம் எழும். சாணத்தைப் பாதியாகக் குறையுங்கள். 10 நாளுக்கு ஒருமுறை கால் பங்கு நீரை இறைத்துத் தோட்டத்திற்குப் பாய்ச்சிவிட்டுப் புது நீர் விடுங்கள். அது நல்ல உர நீர்.

மாட்டிற்கு இடும்போது

சாண வாடை போக நன்றாக அலசி, தவிடு, பிண்ணாக்குடன் கலந்து, சிறிது சிறிதாகப் பழக்குங்கள். பழகிய மாட்டிற்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை கொடுக்கலாம். ஒரு தொட்டியில் கிடைப்பது அரை கிலோதான். ஆகவே ஒரு மாட்டிற்கு மூன்று, நான்கு தொட்டிகள் வேண்டும். உலர்ந்த அசோலாவில் சுமார் கால் பங்கு புரதம். பிண்ணாக்குச் செலவில் ஒரு பகுதி மிச்சமாகும். ஆனால் வைக்கோலும் தட்டையும் தரும் வயிற்று நிறைவை இது தராது.

கடைசியாக ஒன்று. பங்குனியிலேயே ஒரு பேசின் நல்ல அசோலாவை விதைக்கென்று மர நிழலில் தனியே வையுங்கள். தொட்டி அழிந்தாலும் விதை தேடி அலைய வேண்டியதில்லை. காலையில் பால் கறக்கப் போகும்போது தொட்டியின் நிறத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நிறம் மாறிய முதல் நாளே கவனித்தால் தொட்டியைக் காப்பாற்றிவிடலாம்.