சிற்றாறு: பெயரும் போக்கும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



என் வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் நமது ஆற்றின் பெயரைச் 'சிட்டாறு' என எழுதினான். "சிட்டுக்குருவியின் ஆறோ?" என வினவினேன். ஆங்கிலப் பலகையைப் பார்த்தே எழுதியதாக விடை பகர்ந்தான். அவன்மீது குற்றமில்லை. பெயரை வழுவின்றி அவன் கையில் ஒப்படைத்தல் நம் கடனாதலின், இன்று அதனையே பேசப் புகுந்தேன்.

சிறுமை என்னும் பண்புப்பெயர் மையீறு கெட்டு, ஒற்று இரட்டித்து, ஆறு என்னும் சொல்லோடு புணர்ந்து சிற்றாறு ஆயிற்று. காற்றைக் காத்து என்றும் நேற்றை நேத்து என்றும் வழங்கும் நம் பாட்டிமார் இதனைச் 'சித்தாறு' என்பர். அது பிழையன்று, பேச்சுவழக்கின் இயல்பேயாம். சித்திரா நதி என்னும் வடமொழிப் பெயரும் உண்டு. குற்றாலத்துச் சித்திர சபையோடு அஃது அழகுற இயைகின்றது. எனினும் சித்தாறு என்னும் ஒலியே சித்திராவுக்கு வழிகாட்டியிருத்தல் கூடும் என்பது என் கருத்து.

எதனை நோக்கச் சிறிது? ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடும் ஆற்றை நீளத்தாற் சிறிதென்றல் பொருந்தாது. பொருநையாகிய தாமிரபரணி வற்றாதது. நம் ஆறோ தென்மேற்குப் பருவமழையில் ஆனி, ஆடியிற் பொங்கிக் கோடையில் மணலாய்க் கிடப்பது. ஆகவே முன்னோர் அளந்தது நீரின் நிலைபேற்றை எனக் கொள்க. வியப்பு யாதெனின், இச்சிற்றாறே திரிகூடமலையில் தேனருவியாய், செண்பகாதேவியருவியாய் இறங்கி, பொங்குமாங்கடலில் விழுந்து பொங்கிப் பேரருவி ஆகின்றது! சிறுமையும் பெருமையும் ஒரே நீருக்கு இட்ட பெயர்கள். பெயர் இட்டவர் புலவர் அல்லர். அந்நீரில் இறங்கி நின்றவரே என்பேன்.

மலையடியில் ஐந்தருவியின் நீரும், அப்பால் அனுமன் நதியும் வந்து கலக்கத் தென்காசி வழியே கிழக்கே செல்கின்றது. வழியில் அணைக்கட்டுகள் நீரைக் கால்களிற் பிரித்துக் குளங்களுக்கு அனுப்புதலின், கோடையில் ஆறு வற்றினும் குளத்து நீரால் வயல் விளைவதுண்டு. 2019இல் தென்காசி தனி மாவட்டம் ஆனபின் இவ்வாறு இரு மாவட்டங்களுக்கு உரியதாயிற்று.

முடிவிற் சீவலப்பேரியருகே பொருநையிற் கலக்கின்றது. மூன்று ஆறுகள் கூடுமிடமாதலின் அவ்வூருக்கு முக்கூடல் எனப் பழம்பெயர். முக்கூடற்பள்ளு பாடியது இவ்வூரையே; அம்பாசமுத்திரம் பக்கத்து முக்கூடலை அன்று. மாணவர் பலர் இவ்விரண்டையும் மயங்குகின்றனர். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று அக்கூடுதுறையைக் காட்டுமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.