ஊசியை நிறுத்தாதீங்க, டாக்டரைத் தேடுங்க
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், தவணை பற்றி எனக்கு முன்னால் பேசியவங்க விவரமாச் சொல்லிட்டாங்க. நான் பேச வந்தது, சின்னப் பிள்ளைகளுக்கு வர்ற சர்க்கரை நோய் பற்றி. என் மகளுக்கு ஒன்பது வயசில் வந்தது. இப்போ பிளஸ் டூ படிக்கிறாள்.

பெரியவங்களுக்குப் பொதுவா வர்ற சர்க்கரை வேற, இது வேற. இதை டாக்டர்கள் டைப் 1 என்று சொல்றாங்க. கணையத்தில் இன்சுலின் சுரக்கிற அணுக்களை உடம்பே அழிச்சிடுது. மிட்டாய் தின்னதால வர்றதில்லை. பெத்தவ செஞ்ச பாவமும் இல்லை. மாத்திரையால் சமாளிக்க முடியாது. தினமும் இன்சுலின் போட்டே ஆகணும்.

அடையாளம் என்ன? அடிக்கடி ஒண்ணுக்குப் போறது, தீராத தாகம், நல்லாச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கிறது, படுக்கையை நனைக்கிறதை விட்ட பிள்ளை திரும்பவும் நனைக்கிறது. இப்படி இருந்தா அன்னிக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தா அஞ்சு நிமிஷத்தில் தெரிஞ்சிடும். வாந்தி, வயித்து வலி, வேகமான மூச்சு, அசதி சேர்ந்து வந்தா காலையில் பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. அது உயிர் போற கட்டம்.

அடுத்தது, சரியான டாக்டரைத் தேடுறது. நாங்க முதலில் போன இடத்தில் ஊசி எழுதிக் கொடுத்தாங்க. பிள்ளை ஓடி விளையாடுற நாளில் அளவு என்ன, காய்ச்சல் நாளில் என்ன என்று யாரும் சொல்லலை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவுக்குப் போன பிறகுதான் அதெல்லாம் கத்துக்கிட்டோம். அதனால ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிந்துரைச் சீட்டு வாங்குங்க. குழந்தைகளுக்கு சர்க்கரை பார்க்கிற டாக்டர் எந்தக் கிழமை இருப்பாங்க என்று விசாரிச்சுட்டுக் கிளம்புங்க. சென்னைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு எழும்பூரில் குழந்தைகளுக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கு.

போகும்போது எல்லாச் சீட்டையும் தேதி வாரியா ஒரே ஃபைலில் வைங்க. தினசரி சர்க்கரை அளவை ஒரு நோட்டில் எழுதுங்க. மூணு மாசச் சராசரி காட்டுற ரத்தப் பரிசோதனையை மறக்காமக் கேளுங்க. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினா என்ன கொடுக்கணும், காய்ச்சல் வந்தா என்ன செய்யணும் என்று கேட்டு எழுதிக்கிட்டு வாங்க. ஆண்டு வருமானம் அரசு வைச்ச வரம்புக்குள் இருந்தா முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்து வைங்க. ஆனா அட்டை பெரும்பாலும் சேர்த்துப் பார்க்கிற சிகிச்சைக்குத்தான். தினசரி இன்சுலினை அரசு மருத்துவமனை மருந்தகத்தில் கேட்டு வாங்கணும்.

வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையா? மண்பானையில் தண்ணீர் ஊற்றி, மருந்தை நனையாம ஒரு டப்பாவில் போட்டு உள்ளே வைக்கலாம். ஃபிரீசரில் மட்டும் வைக்கவே கூடாது.

இனி ரொம்ப முக்கியமான விஷயம். “கஷாயம் குடிச்சா ஊசியே வேண்டாம்”னு சொல்ல ஊரில் நாலு பேர் வருவாங்க. “பொம்பளைப் பிள்ளை, வெளியே தெரிஞ்சா யார் கட்டுவா”ன்னு சொந்தக்காரங்களும் சொல்வாங்க. எங்க வீட்டிலும் சொன்னாங்க. ஊசியை நிறுத்தினா பிள்ளை சில நாளில் உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போயிடும். மறைச்சு வைச்சா, பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுற அன்னைக்கு டீச்சருக்கு என்ன செய்யணும்னு தெரியாது. ஒழுங்கா வைத்தியம் பார்த்தா இந்தப் பிள்ளைகளும் படிப்பாங்க, வேலைக்குப் போவாங்க, கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெத்துக்குவாங்க.

ஒரு தாய் தனியா இதைச் சுமக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போற ஒவ்வொரு நாளும் கூலி போகுது, பஸ் செலவும் ஆகுது. என்கூடத் துணைக்கு வந்தது எங்க குழு ஊக்குநர்தான். பஸ் செலவுக்குக் கைகொடுத்தது குழுவின் உள்கடன்தான்.

அதனால ஒரு வேண்டுகோள். உங்க குழுவின் அடுத்த கூட்டத்தில், நம்ம உறுப்பினர் வீடுகளில் நாள்பட்ட நோய் உள்ள பிள்ளைகள் யார் யார் என்று கேளுங்க. அந்தத் தாயோட ஆஸ்பத்திரிக்குப் போக ஒருத்தரை நியமிங்க. மருத்துவச் செலவுக்கான உள்கடனை உடனே கொடுக்கணும்னு தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க.