முதுமையும் வெய்யிலும்

கடல்நீரைப் பாத்தியிற் கட்டி, வெய்யிலில் வற்றவைத்து உப்பெடுப்பது புத்தளத்தின் பழந்தொழில். கற்பிட்டி முதல் உடப்பு, சிலாபம் வரை அக்கரையில் ஞாயிற்றின் ஒளிக்குப் பஞ்சமில்லை. அங்கு வாழும் முதியோருக்கும் அவ்வொளியால் விளையும் சத்துக் குறையக்கூடும் என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அது உண்மை.

உயிர்ச்சத்து ‘டி’ என்பது அச்சத்தின் பெயர். அமெரிக்க அறிஞர் மக்காலம் 1922ஆம் ஆண்டில் இதனை இனங்கண்டார். உணவிலுள்ள சுண்ணச் சத்தைக் குடல் ஏற்பதற்கு இது வேண்டும். இது மிகக் குறைந்தால் எலும்பு மென்மையுறும், தசை தளரும். தளர்ந்தவர் இடறி விழுந்தால் தொடையெலும்பு முறியலாம். பின் பலர் பழையபடி நடமாடுவதில்லை.

ஞாயிற்றின் புற ஊதாக் கதிர் தோலிற் படும்போது இச்சத்து உண்டாகிறது. வயது ஏற ஏறத் தோலின் அந்த ஆற்றல் குன்றும். கரைவலை இழுத்த காலத்தில் நாளெல்லாம் வெய்யிலில் நின்றவர், முதுமையில் திண்ணை நிழலில் ஒதுங்குகிறார். காலை, மாலை இளவெய்யிலில் அக்கதிர் மிகக் குறைவு. கண்ணாடிச் சாளரமோ அதனைத் தடுத்துவிடும்.

அடையாளம் எளிது. நிழல் தன் உயரத்திலும் குறுகியிருக்கும் வேளையே ஏற்றது. வாரத்திற் சில நாட்கள், தோல் கன்றாத அளவுக்குச் சிறிது நேரம், கையுங் காலும் வெய்யில் பட இருத்தல் வேண்டும். கருநிறத் தோலுக்கு நேரம் சற்றுக் கூடுதலாகத் தேவை. தலைக்குத் துணியும் குடிக்க நீரும் மறத்தலாகாது. உடல் முழுதும் போர்த்துச் செல்லும் மூதாட்டியருக்கு, வீட்டின் மறைவான முற்றம் பொருத்தமான இடம்.

உணவில் சாளை, கும்பளா போன்ற கொழுப்பு மீன்களும் முட்டை மஞ்சட்கருவும் துணைசெய்யும். சிறுமீனை முள்ளுடன் உண்டால் சுண்ணச் சத்தும் சேரும். கருவாட்டிலோ உப்பு மிகுதி. இரத்த அழுத்தமுடையோர் அளவறிதல் நன்று.

எழுபது வயதைக் கடந்தோர்க்கு நாளொன்றுக்கு 20 மைக்கிரோகிராம் வேண்டுமென 2010இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வகுத்தது. மீனால் மட்டும் அவ்வளவும் கிட்டுவது அரிது. படுக்கையிலுள்ளோர்க்கும் வெளியே வர இயலாதோர்க்கும் மாத்திரை தேவைப்படலாம். அதனை மருத்துவரே அளவிட்டுத் தருதல் வேண்டும். மிகையானால் குருதியிற் சுண்ணச் சத்து ஏறிச் சிறுநீரகம் கெடும்.

முதியவரின் நாற்காலியைத் திண்ணையிலிருந்து முற்றத்துக்கு நகர்த்தப் பொருட்செலவில்லை. கைபிடித்து அழைத்துச் செல்ல, வீட்டில் ஒருவர் முன்வந்தாற் போதும்.