எண்ணும் பெயரும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'போரும் செய்தித்தாளும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். வெற்றி தோல்விகளை ஆராய்வது படைத்துறை வல்லார் வேலை. தமிழாசிரியனாகிய யான் சொல்லைக் கொண்டே பொருளை அணுகப் பழகியவன். ஆகலின் ஒரே ஒரு வினாவை மட்டும் உங்கள்முன் வைக்கின்றேன். போரிலே பட்டவனை அவன் நாட்டு மக்களுக்கு எவ்வாறு அறிவிக்கின்றார்கள்? எண்ணாகவா, பெயராகவா? இவ் வேறுபாடு சிறிதன்று. எண் கணக்கில் அடங்கிவிடும். பெயரோ ஒரு வீட்டின் கதவைத் தட்டும்.

வியத்நாம் போரை எடுத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமைதோறும் சைகோன் நகரில் அமெரிக்கப் படைத்துறை இறந்தோர் தொகையை அறிவிக்கும். இக் கிழமை இத்தனை பேர், சென்ற கிழமை அத்தனை பேர் என்று செய்தித்தாள்கள் வெளியிடும். மழையளவுச் செய்தியைப் படிப்பதுபோல் மக்களும் அதனைப் படித்துப் பழகிவிட்டனர். 1969 சூன் 27ஆம் நாளிட்ட 'லைஃப்' கிழமையிதழ் அப் பழக்கத்தை உடைத்தது. மே 28 முதல் சூன் 3 வரையான ஒரே கிழமையில் பட்டவராக அறிவிக்கப்பெற்றோர் 242 பேர். அவர்தம் பெயர், அகவை, படைத்தரம், ஊர் ஆகியவற்றை அவ்விதழ் அச்சிட்டது. ஏறத்தாழ அனைவருடைய முகங்களையும் பக்கம் பக்கமாக அடுக்கியது. பள்ளியிறுதியில் எடுத்த படங்களும், படையிற் சேர்ந்த அன்று எடுத்த படங்களும் அவற்றுள் இருந்தன. போரைத் தாக்கி அவ்விதழ் முழக்கமிடவில்லை. அக் கிழமைக்குத் தனிச் சிறப்பு ஏதுமில்லை என்றே கூறிற்று. தனிச் சிறப்பில்லாத ஒரு கிழமையின் விலையே இது என்றால், சிறப்புடைய கிழமைகளின் விலை என்னாகும் என்பதைப் படித்தவனே கணக்கிட்டுக்கொண்டான்.

ஆளுவோரும் இதிலிருந்து ஒரு பாடம் கற்றனர். 1989 திசம்பரில் அமெரிக்கப் படை பனாமாவிற் புகுந்தது. டெலவேர் மாநிலத்து டோவர் வானூர்தித் தளத்தில் இறந்தோர் பேழைகள் வந்திறங்குவதைத் தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பியது. அதே வேளையில் குடியரசுத் தலைவர் செய்தியாளரோடு நகைத்துப் பேசிக்கொண்டிருந்தார். திரையை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியில் நகைப்பையும் மறு பாதியிற் பேழைகளையும் காட்டினர். ஆட்சியாளர்க்கு அது பெருஞ் சினம் விளைத்தது. 1991 பிப்பிரவரியில், வளைகுடாப் போரின்போது, டோவரிற் பேழைகளைப் படமெடுக்கலாகாது என்று தடை பிறந்தது. இடையிடையே விலக்குகள் இருந்தபோதிலும், 2003 மார்ச்சில் ஈராக்குப் போர் தொடங்கும் தறுவாயில் அத் தடை மீண்டும் வலியுறுத்தப்பெற்றது.

2004 ஏப்பிரலில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை ஓர்ந்து நோக்குங்கள். குவைத்தில் ஒப்பந்தப் பணியாற்றிய ஒரு பெண்மணி, சரக்கு வானூர்தியின் வயிற்றுக்குள் கொடி போர்த்த பேழைகள் வரிசையாய் இருந்த காட்சியைப் படமெடுத்தார். சியாட்டில் நகரச் செய்தித்தாள் அதனை முதற்பக்கத்தில் வெளியிட்டது. அப் பெண்மணி வேலையை இழந்தார். பேழைகளை எத்துணைப் பரிவோடு அனுப்புகின்றனர் என்பதை இறந்தோரின் பெற்றோர் அறிய வேண்டும் என்பதே அவர் எண்ணம். அத் திங்களின் இறுதி நாளில், 'நைட்லைன்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் டெட்டு கோப்பல் என்பார், ஈராக்கிற் பட்ட எழுநூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்கரின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். கருத்துரை ஏதும் இல்லை. பெயரும் முகமும் மட்டுமே. அதனையும் அரசியல் என்று கூறிச் சின்கிளேர் என்னும் ஒளிபரப்பு நிறுவனம் தன் நிலையங்களிற் காட்ட மறுத்தது. அம் மறுப்பைக் கண்டித்தவர் யார் தெரியுமா? மேலவை உறுப்பினர் மக்கெயின். வியத்நாமிற் சிறைப்பட்டுத் துன்புற்றவர். ஈராக்குப் போரை முழுமூச்சாய் ஆதரித்தவர். போர் வேண்டும் என்பவரே, அதன் விலையை மக்கள் அறிய வேண்டும் என்றார். பெயர்களைப் படிப்பது போருக்கு எதிரான செயல் என்று கருதுவோர், தம் போரைத் தாமே நம்பாதவர் ஆவர்.

தடைக்குக் கூறப்பட்ட கரணியம், குடும்பத்தாரின் துயர்க்கு மதிப்பளித்தல் என்பது. இதனை நான் எள்ளி நகையாடமாட்டேன். மகனை இழந்த தாயின் முகத்தின்முன் ஒளிப்படக் கருவியை நீட்டுவது இழிசெயல். ஆனால் ஒன்றை எண்ணுக. கொடி போர்த்த பேழையின்மேற் பெயர் இல்லை. உள்ளிருப்பவர் யாரென்று பார்ப்பவர்க்குத் தெரியாது. அவ்வாறாயின் மறைக்கப்பட்டது குடும்பத்தின் துயரா, பேழைகளின் தொகையா? உண்மையிலேயே குடும்பத்தாரை மதிப்பதென்றால், அவர்களையே கேட்டிருக்கலாமே. 2009 பிப்பிரவரி 26இல் பாதுகாப்புச் செயலர் இராபர்ட்டு கேட்சு அதைத்தான் செய்தார். முடிவைக் குடும்பத்தாரிடமே விட்டார். அவ்வாண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் இரவு, ஒரு குடும்பத்தின் இசைவோடு ஒரு பேழை படமெடுக்கப்பட்டது. இவ் வெளிய தீர்வுக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஈராக்கில் மட்டும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர் பட்டிருந்தனர்.

காட்டினாற் போர் நின்றுவிடும் என்று நான் கூறுவதாக எண்ண வேண்டா. இரண்டாம் உலகப் போரிலும் அமெரிக்க அரசு தன் மறவர் பிணங்களின் படங்களை நெடுநாள் மறைத்தே வைத்தது. 1943 செப்தம்பரில் அதுவே முன்வந்து இசைவளித்தது. பப்புவாத் தீவின் பூனாக் கடற்கரை மணலிற் கிடந்த மூவர் படம் 'லைஃப்' இதழில் வந்தது. ஏன்? மக்கள் போரை எளிதாகக் கருதத் தொடங்கிவிட்டனர். அவர்களை உலுக்க வேண்டும் என்று அரசு எண்ணிற்று. மறைத்ததும் போருக்காக, காட்டியதும் போருக்காக! ஆகவே, இறந்தோரைக் காட்டுவதா மறைப்பதா என்பதை ஆளுவோரின் அன்றைய தேவை முடிவு செய்யலாகாது. உண்மை என்பது வேண்டும்போது திறந்து வேண்டாதபோது பூட்டும் பெட்டகம் அன்று.

அமெரிக்கா ஒன்றையே குறைகூறுவது முறையன்று. சோவியத்து நாடு 1979இல் ஆப்கானித்தானிற் புகுந்தது. துத்தநாகப் பேழைகள் ஊர் ஊராய் வந்தன; தொகையோ வெளிவரவில்லை. 13,310 பேர் பட்டனர் என்று அரசு வாய்திறந்தது 1988 மே திங்களில்தான். 2015 மே திங்களில், அமைதிக் காலத்துப் படையிழப்புகளையும் கமுக்கம் என்று உருசியத் தலைவர் ஆணையிட்டார். 2022இல் உக்கிரைன்மேற் போர் தொடங்கியபின், இதழாளர் சிலரும் தொண்டர்களும் ஊர்ச் செய்திகளிலும் இறப்பறிவிப்புகளிலும் கல்லறைகளிலும் தேடித் தேடிப் பெயர்களைத் திரட்டினர். அப் பட்டியல் 2025இல் நூறாயிரத்தைக் கடந்தது. அரசு எண்ணையும் கூற மறுத்தபோது மக்கள் பெயரையே திரட்டினர். இதனினும் பெரிய சான்று எனக்கு வேண்டுவதில்லை.

இன்னும் ஒன்று. வாசிங்டன் நகரில் 1982இல் எழுப்பப்பட்ட கருங்கற் சுவரில் 58,000க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தொட்டுப் பார்த்துக் கண்ணீர் வடிப்போர் இன்றும் உளர். ஆயின் அதே போரில் தம் பக்கத்துப் போராளிகள் பதினொரு நூறாயிரம் பேரும், பொதுமக்கள் ஏறத்தாழ இருபது நூறாயிரம் பேரும் மாண்டனர் என்று வியத்நாம் அரசு 1995இல் அறிவித்தது. அப் பெயர்களைத் தாங்க எத்துணை நீளச் சுவர் வேண்டும்? தன் பிள்ளையைப் பெயராலும் பிறர் பிள்ளையை எண்ணாலும் அறிபவன் போரின் விலையிற் பாதியைக்கூட அறிந்தவனல்லன்.

சொற்களையும் நோக்குங்கள். பகைவரைக் கொன்ற தொகைக்கு 'உடற்கணக்கு' என்றார்கள். குண்டுக்கு இரையான ஏதிலிக் குழந்தைக்குப் 'பக்கச் சேதம்' என்றார்கள். பிணப் பைக்கு 'மாந்த எச்ச உறை' என்றார்கள். சாவைச் சாவென்று கூற நாக் கூசும்போதே, அங்கு மறைக்க வேண்டிய ஒன்று இருக்கின்றது என்று அறிக. நம் முன்னோர் இவ்வாறு கூசவில்லை. நடுகற்களைப் பாருங்கள். 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிற் கிடைத்த தமிழி எழுத்துக் கல்லில், ஊர், ஆகோள், பட்டவன் பெயர் மூன்றும் உள்ளன. தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத் துறை 1972இல் நூலாக்கிய செங்கம் நடுகற்களில், ஆளும் அரசன் பெயரோடு ஆநிரை மீட்ட ஊர்மகன் பெயரும் நிற்கின்றது. 'பட்டான்' என்று நேர்ச்சொல்லாற் கூறும் அக் கற்கள், எதன்பொருட்டுப் பட்டான் என்பதையும் கூறும். பெயர், ஊர், கரணியம் ஆகிய இம் மூன்றையும் கூறுவதே இறந்தவனுக்குச் செய்யும் கடன்.

நம் நாட்டிலும் 1999 கார்கில் போரிற் பட்டோர் உடல்கள் அவரவர் ஊர்க்குக் கொண்டுவரப்பட்டன. தொலைக்காட்சி வாயிலாக நாடே கண்டது. பட்டோர் 527 பேர் என்பது அரசுக் கணக்கு. மாலையும் முழக்கமும் ஓய்ந்தபின் அவ் வீடுகளை நினைப்போர் எத்தனை பேர்? மறைப்பது ஒருவகை மறதி. ஆரவாரத்தில் மூழ்கடிப்பது மற்றொருவகை மறதி.

இளைஞர்களே, உங்களுக்கு நான் கூறுவது இதுவே. நாளைச் செய்தித்தாளில், எந்நாட்டுப் போராயினும், 'இத்தனை பேர் பலி' என்று காணும்போது அடுத்த பக்கத்தைப் புரட்டாதீர்கள். யார் அவர்? அகவை என்ன? எவ்வூர்? எதன்பொருட்டுப் பட்டார்? இந் நான்கையும் கேளுங்கள். விடை அச்சிலே இல்லையாயின், ஏன் இல்லை என்று அவ்விதழுக்கு எழுதுங்கள். மக்கள் வரிப்பணத்தில், மக்கள் பிள்ளைகளைக் கொண்டு, மக்கள் பெயரால் நடத்தப்பெறுவது போர். அதன் விலைச்சீட்டைப் படித்துப் பார்க்கும் உரிமை மக்களுக்கே உண்டு. படித்தபின்னும் அப் போர் வேண்டும் என்போர் வேண்டட்டும். வேண்டா என்போர் மறுக்கட்டும். படிக்கவிடாமலே கையொப்பம் வாங்குவதுதான் கொடுமை.