ஓயாத சாட்சி

பத்திரத்திற்குச் சாட்சி போன்று, ஈதரியம் என்னும் மின்கணக்கேட்டிற்கு உலகெங்கும் உள்ள கணிப்பொறிகள் சாட்சியாக நிற்கின்றன. 2022 செப்டம்பர் முதல் இம்முறையே நடப்பில் உள்ளது. 32 ஈதரைப் பிணையாக வைத்தவர், 6.4 நிமிடத்திற்கு ஒருமுறை ஒப்பமிடல் வேண்டும். மூன்றிலொரு பங்கினும் மிகுதியான சாட்சிகள் ஒருசேர வாளாவிருப்பின், ஏட்டின் புதுப்பக்கங்கள் இறுதியுறுதி பெறா. 2023 மே மாதத்தில் இருமுறை அவ்வாறு நேர்ந்தது.

பொங்கலுக்கு ஊர் சென்றிருக்கையில், இங்கே மின்சாரம் நின்று பொறி ஓய்ந்துவிட்டால்? அஞ்சற்க! சில மணி நேர ஓய்வினால் வரும் இழப்பு அற்பமே. அதற்கு அஞ்சி, ஒரே சாவியை இரு பொறிகளில் இயக்குவதே பேராபத்து. இரண்டும் முரணாக ஒப்பமிடின் அது பொய்ச்சாட்சியாகும். பிணையில் ஒரு பகுதி பறிபோகும், சாட்சியும் வெளியேற்றப்படும். ஆதலின், முதற்பொறி முற்றும் நின்றதை உறுதிசெய்த பின்னரே மாற்றுப்பொறியை இயக்குக. விழித்திருத்தல் சாட்சிக்கு அழகு. இரண்டு நாவின்றி இருத்தல் அதனினும் அழகு.