தலையெழுத்தும் கையெழுத்தும்

(வாசகசாலை ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நாள்தோறும் நமக்கு ஏற்படுகிற சின்னச் சின்னச் சந்தோஷங்களை ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். "சாதி ஒழிய வேண்டும், மூடநம்பிக்கை ஒழிய வேண்டும் என்று பேச வந்தவர் கணக்குப்பிள்ளை வேலை கற்றுக்கொடுக்கிறாரே" என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். தயவுசெய்து கொஞ்சம் பொறுமையாய்க் கேளுங்கள். நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! எழுதுகிற பழக்கம் நம் ஜனங்களுக்கு இல்லாமல் இல்லை. மகனுக்கு உத்தியோகம் ஆக வேண்டும், மகளுக்குக் கலியாணம் ஆக வேண்டும் என்று ஸ்ரீராமஜெயத்தை லட்சம் தடவை எழுதுகிறார்களே, அதற்கு எத்தனை நோட்டு, எத்தனை நாள்! ஆனால் அவ்வளவு எழுத்திலும் எழுதினவருடைய வாழ்வைப்பற்றி ஒரே ஒரு வரியாவது உண்டா? அதுதான் போகட்டும் என்றால், கஷ்டம் வந்தவுடன் தலையெழுத்து என்கிறோம். அதைப் பிரமன் எழுதினானாம், யாரும் படித்ததில்லையாம், ஆனாலும் அழிக்க முடியாதாம்! ஒருவரும் படிக்காத எழுத்துக்கு இவ்வளவு பயப்படுகிற நாம், நாமே எழுதி நாமே படிக்கக்கூடிய கையெழுத்துக்கு என்ன மதிப்புக் கொடுக்கிறோம்?

அன்றியும், நம் கணக்கு முறையைப் பாருங்கள். நல்லது நடந்தால் கடவுள் கிருபை. கெட்டது நடந்தால் நம் கர்மவினை. வரவெல்லாம் அவர் பேரில், நஷ்டமெல்லாம் நம் பேரில்! ஒரு மளிகைக்கடைக்காரர் இந்த மாதிரிப் பேரேடு எழுதினால் அந்தக் கடை எத்தனை நாள் நடக்கும்? ஆயுள் முழுவதும் இப்படியே கணக்கு வைக்கிற மனிதன் தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று எண்ணி மனம் ஒடிந்து போவதில் என்ன ஆச்சரியம்?

நிற்க, நான் சொல்லும் காரியத்தைப் பரீட்சை செய்து பார்த்திருக்கிறார்கள். எம்மன்ஸ், மெக்கல்லோ என்கிற இரு அமெரிக்க மனவியல் அறிஞர்கள் 2003-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கல்லூரி மாணவர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவார் நன்றி பாராட்டத்தக்கவைகளையும், இன்னொரு பிரிவார் தொந்தரவுகளையும், மூன்றாம் பிரிவார் பொதுவாக நடந்தவைகளையும் வாரம் ஒரு தடவையாக 10 வாரம் எழுதச் செய்தார்கள். முதல் பிரிவார் தங்கள் வாழ்வைப்பற்றி மற்றவர்களைவிடத் திருப்தியாய் இருந்தார்கள். 2005-ல் செலிக்மன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இன்னொன்று செய்தார்கள். தினம் இரவில் நன்றாக நடந்த மூன்று காரியங்களை எழுது. ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் எழுது என்றார்கள். ஒரு வாரந்தான் எழுதச் சொன்னார்கள். அதன் பலன் ஆறு மாதம் வரையில் தெரிந்ததாகக் கண்டார்கள். பின்னால் பலர் செய்த பரீட்சைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்ததில் பலன் உண்டு, ஆனால் அது சிறிய பலன்தான் என்று தெரிகிறது. சிறியதைப் பெரியதென்று சொல்லுவது சோதிடர் வேலை. அது நமக்கு வேண்டாம்.

இதில் எனக்குப் பிடித்தது "ஏன் நடந்தது" என்கிற கேள்விதான். இரண்டு வருஷத்துக்கு முன் எனக்குத் தூக்கம் கெட்டு, யாரைக் கண்டாலும் எரிந்து விழுகிற நிலைமை வந்தது. சனிப்பார்வை என்றார்கள் உறவினர்கள். நான் டாக்டரிடம் போனேன். மருந்தும் சாப்பிட்டேன், நோட்டும் எழுதினேன். எதனால் எவ்வளவு குணம் என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் நோட்டு எனக்கு வேறொன்றைக் காட்டிற்று. "வெளியூர்க் கூட்டம் முடிந்து நடுநிசியில் வந்தேன், வெந்நீர் தயாராய் இருந்தது." ஏன்? என் மனைவி விழித்திருந்தார். "ரசம் நன்றாக இருந்தது." ஏன்? அவர் வைத்தார். "வெளுத்த சட்டையோடு மேடை ஏறினேன்." ஏன்? அதற்கும் அவர்தான். ஒரு வாரத்துச் சந்தோஷத்தில் பாதிக்குமேல் அவருடைய உழைப்பு! பெண் விடுதலையைப் பற்றி ஊர் ஊராய்ப் பேசுகிறவன் நான். என் நோட்டே என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திற்று.

அவரையும் எழுதச் சொன்னேன். "எனக்கு எழுத என்ன இருக்கிறது?" என்றார். நாலு நாள் வெறும் காகிதம். ஐந்தாம் நாள் ஒரு வரி எழுதினார்: "இன்று சாயந்திரம் அரைமணி நேரம் என்னை யாரும் கூப்பிடவில்லை." தோழர்களே! எத்தனையோ மாநாட்டுத் தீர்மானங்களைப் படித்திருக்கிறேன். இந்த ஒரு வரியைப் போல எதுவும் என்னைச் சுட்டதில்லை. மறுநாள் முதல் இராத்திரிப் பாத்திரம் தேய்ப்பதை நான் எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் நான் தேய்த்ததை அவர் திரும்பத் தேய்த்தார் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"இருப்பதில் திருப்தியாய் இரு என்று புரோகிதன் சொல்லுவதைத்தானே நீயும் சொல்லுகிறாய்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கூலி குறைவென்றால் நோட்டு எழுதி மறந்துவிடு என்று நான் சொல்லவில்லை. கூலியைக் கேளுங்கள், சங்கம் சேருங்கள். புரோகிதன் காரணம் கேட்காதே என்கிறான்; நான் காரணத்தை எழுது என்கிறேன். காரணம் எழுதுகிறவனுக்குத் தன் சுகம் யார் உழைப்பால் வந்தது, தன் கஷ்டம் யார் லாபத்தால் வந்தது என்கிற இரண்டும் தெரியும். அப்படித் தெரிந்தவனை அடிமையாக்குவது சுலபமல்ல. அன்றியும், மனம் செத்தவன் எந்த உரிமைக்கும் போராட மாட்டான்.

கடைசியாக ஒன்று. நோட்டு வைத்தியமல்ல. தூக்கமும் பசியும் போய், உயிரை விடலாமா என்று எண்ணம் வருகிறவர்களை நோட்டோடும் விடாதீர்கள், மந்திரவாதியிடமும் விடாதீர்கள். 2001 ஆகஸ்டு 6-ல் ஏர்வாடியில் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றி, சங்கிலியில் கட்டிக் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். தெய்வ சக்தி குணமாக்கும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அங்கே அநேகம். 2017-ம் வருஷத்துச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் இருக்கிறார். 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எப்போது கூப்பிட்டாலும் காசில்லாமல் யோசனை சொல்லுகிறார்கள். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போகிறவன் மனத்துக்குப் போக ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஆகவே, இன்று இரவு வீட்டுக்குப் போனதும் பழைய நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லட்டும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதட்டும். ஒரு மாதம் செய்து பாருங்கள். பலனில்லை என்றால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று என்னைக் கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.