நுளம்பின் சிறகும் நமது விழிப்பும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)

வைத்தியர் ஒருவர் மேடையேறினால் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நாம் நுளம்பின் சிறகைப் பற்றிப் பேசுவோம். வில்கமுவ போன்ற ஓரிடத்தில் காய்ச்சல் நோயாளரைப் பார்க்கும் எங்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு அல்ல.

மாத்தளை மாவட்டத்தில், வஸ்கமுவ வனத்தை அண்டி இருக்கிறது வில்கமுவ. நமது நாட்டில் மலேரியாவைப் பரப்பிய முக்கிய அனோபிலிஸ் நுளம்பு, ஆறு வற்றும் காலத்தில் மணலிலும் பாறைக் குழிகளிலும் தேங்கும் நீரில் பெருகுவது. 1980களில் மகாவலிக் குடியேற்றங்களுக்கு வந்த குடும்பங்களை மலேரியா வாட்டி எடுத்தது.

இத்தனை சிறிய பூச்சி எப்படிப் பறக்கிறது? விமானத்தின் சிறகு அடிப்பதில்லை. பூச்சியின் சிறகோ அடித்தே பறக்கிறது. பனையோலை விசிறியை வீசிப் பாருங்கள். பிடிக்கு அருகில் ஓலை விறைப்பாக நிற்கும். ஓரம் சற்றுப் பின்தங்கி வளைந்து வரும். பூச்சியின் சிறகும் ஏறக்குறைய அப்படித்தான். முன்விளிம்பில் தடித்த நரம்புகள்; பின்விளிம்பில் மெல்லிய சவ்வு. சிறகு வீசப்படும்போது பின்விளிம்பு பின்தங்குவதால் சிறகு முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு, காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுவதற்கு ஏற்ற சாய்வைத் தருகிறது.

இந்த நெகிழ்வை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பம்பிள் தேனீயின் சிறகில் வளைந்து கொடுக்கும் ஒரு மூட்டின் மீது மினுங்கும் துகள் ஒன்றை ஒட்டி, அதை வளையாமல் செய்தார்கள். தேனீ பறந்தது; ஆனால் அது தூக்கக்கூடிய சுமை குறைந்தது. உயர்த்தும் விசையில் ஏறத்தாழ 9 சதவீதம் இழப்பு. 2009இல் வெட்டுக்கிளியின் சிறகைக் கணினியில் ஆராய்ந்தவர்களும், தட்டையான சிறகைவிட முறுக்கியும் வளைந்தும் கொடுக்கும் சிறகே குறைந்த சக்தியில் பறக்க உதவுகிறது என்று கண்டார்கள்.

நுளம்பின் கதை இன்னும் விசித்திரமானது. 2017இல் பிரித்தானிய, யப்பானிய ஆய்வாளர்கள், யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் நுளம்பின் பறப்பை அதிவேகக் கமராக்களால் படம்பிடித்தார்கள். சிறகு செக்கனுக்கு 800 தடவைக்கு மேல் அடிக்கிறது. ஆனால் ஒவ்வொரு அடியின் வீச்சும் சுமார் 40 பாகைதான். தேனீயின் வீச்சில் பாதிகூட இல்லை. இத்தனை குறுகிய வீச்சில் உடல் எப்படித் தூக்கப்படுகிறது? அடி முடிந்து சிறகு மறுபுறம் திரும்பும் கணத்தில், முந்திய அடி விட்டுச்சென்ற காற்றோட்டத்தைப் பின்விளிம்பு பற்றிக்கொள்கிறது. அங்கே ஒரு காற்றுச் சுழி உருவாகி உடலைத் தாங்க உதவுகிறது. ஏனைய பூச்சிகளில் முன்விளிம்புச் சுழியே பெரும்பங்கு வகிக்கும். நுளம்பு பின்விளிம்பையும் வேலை வாங்குகிறது. இரவில் நமது காதருகே கேட்கும் ரீங்காரம், இந்தச் சிறகடிப்பின் மீடிறன்தான்.

இத்தனை திறமை இருந்தும் மலேரியா நுளம்பு பெரும்பாலும் ஓரிரு கிலோமீற்றருக்குள்ளேயே திரியும். கடல் கடந்து மலேரியாவைக் கொண்டுவருவது அதன் சிறகல்ல. விமானத்தில் வரும் மனிதரின் குருதியில் அந்தக் கிருமி வருகிறது. வந்து சேர்ந்த பிறகு, வீடு வீடாகக் கொண்டுசெல்ல நுளம்பின் சிறகு காத்திருக்கிறது.

1934–35இல் இலங்கையில் மலேரியா சுமார் 80,000 உயிர்களைப் பறித்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே அந்நோய் காணப்பட்டது. வென்றுவிட்டோம் என்று கண்காணிப்பைத் தளர்த்தினோம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆண்டொன்றில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பின்னர் நெடுங்காலம் உழைத்து, 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றை உலக சுகாதார நிறுவனத்திடம் பெற்றோம். அதே ஆண்டின் இறுதியில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டது. நோய் போய்விட்டது, சிறகுகள் போகவில்லை.

ஆகவே, உலகெங்கும் பரந்து வாழும் நம் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆபிரிக்காவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்த பின் உங்களுக்கோ உறவினருக்கோ காய்ச்சல் கண்டால், எந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதை வைத்தியர் கேட்கும் முன்பே சொல்லுங்கள். மலேரியாவுக்கான குருதிப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். வந்து சில மாதங்கள் கழிந்திருந்தாலும் சொல்லுங்கள். சிலவகை மலேரியா ஈரலில் ஒளிந்திருந்து பிந்தித் தலைகாட்டும். மலேரியாவை மறந்து வளர்ந்த இளம் வைத்தியர்கள் இன்று பலர். உங்கள் ஒரு சொல் அவர்களுக்கு வழிகாட்டும். வில்கமுவவில் ஒரு குடும்பத்தையும் காக்கும்.

மாணவச் செல்வங்களே, பம்பிள் தேனீயின் சிறகில் துகளை ஒட்டியவர்களைப் போல நீங்களும் கேள்வி கேளுங்கள். நம் கல்லூரி இன்னும் பல நூற்றாண்டுகள் காண வாழ்த்தி விடைபெறுகிறோம்.